முன்சில்லின் முறைப்பாடு

இயந்திரத்துக்கு வாயில்லை என்பது பொதுவான எண்ணம். ஒரு பழைய மோட்டார்க்காரைச் சில காலம் வைத்துப் பராமரித்தவர்கள் அதனை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். தனக்கு உற்ற குறையை இயந்திரம் முதலில் மெல்லச் சொல்லும். கேளாதவிடத்து உரக்கச் சொல்லும். அதற்கும் செவிசாய்க்காதவரை நடுவழியில் இறக்கிவிட்டு மௌனமாகிவிடும். எங்கள் பாட்டனார் காலத்து மாட்டு வண்டில்காரருக்கு இந்த மொழி நன்கு விளங்கும். அச்சு கிறீச்சிட்டதும் வண்டிலை ஒரு நிழலில் நிறுத்தி, மை இட்ட பின்னரே அவர்கள் அப்பாற் செல்வார்கள். நாமோ காரின் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, பாட்டையும் பெரிதாக வைத்துக்கொண்டு போகிறோம். வண்டி முறையிட்டாலும் நமது காதில் விழுவதற்கு வழியில்லை.

எங்கள் வீட்டுக் கார் 1988ஆம் ஆண்டில் ஜப்பானிற் செய்யப்பட்ட நிசான் சன்னி. "உது சன்னியல்ல மாஸ்ரர், சனி" என்று அயல்வீட்டு நண்பர் பகிடி பண்ணுவார். ஏழரை ஆண்டில் விலகவேண்டிய சனி, எங்கள் வீட்டிற் பதின்மூன்று ஆண்டுகள் குடியிருந்தும் ஒரு தீங்கும் செய்ததில்லை. 2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒருநாள் ஒழுங்கையிலிருந்து பெருந்தெருவுக்குத் திரும்பியபோது, முன்சில்லுப் பக்கத்திலிருந்து 'டக், டக், டக்' என்றோர் ஒலி எழுந்தது. நேரே ஓடும்போது அது கேட்கவில்லை. ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பி மெல்லச் செல்லும்போது மட்டும் சில்லின் சுழற்சியோடு தாளம் தவறாமற் கேட்டது.

என் தாயாருக்கு அப்போது எண்பத்துமூன்று வயது. இருதய நோய்ச் சிகிச்சைக்காக அவரை மாதம் இருமுறை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லவேண்டும். முச்சக்கர வண்டியின் குலுக்கலை அவருடைய உடம்பு தாங்காது. ஆதலால் அந்த ஒலியைக் கேட்ட நாள்முதல் எனக்கு நித்திரை குறைந்தது.

ஒலித்தது எது என்பதை மாணவர்களுக்காகச் சிறிது விளக்கவேண்டும். மாட்டு வண்டிலின் அச்சு சுழல்வதில்லை. அதன் நுனிகளிற் சில்லுகள் சுழலும். இழுக்கும் வேலை மாட்டினுடையது. மோட்டார்க்காரிலோ சில்லே வண்டியைச் செலுத்தவேண்டும். யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாடகைக்கு ஓடிய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் ஒக்ஸ்போட் முதலிய கார்களில் இயந்திரம் முன்னே இருக்க, வண்டியின் அடியில் நீண்டு சென்ற ஒரு தண்டு பின்சில்லுகளைச் சுழற்றியது. முன்சில்லுகளுக்கு வண்டியைத் திருப்புவதே வேலை. பிற்காலத்துக் கார்கள் பலவற்றில் இழுப்பது, திருப்புவது ஆகிய இரண்டு தொழில்களும் முன்சில்லுகளின் தலையிலேயே விழுந்தன. 1959இல் வெளிவந்த 'மினி' கார் இந்த அமைப்பைச் சாதாரண குடும்பங்களின் வாசலுக்குக் கொண்டுவந்தது. சன்னி கார் 1981இல் அதற்கு மாறியது. இத்தகைய கார்களில், கியர்ப்பெட்டி இருபுறமும் கை நீட்டினாற்போல, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு தண்டுகள் புறப்பட்டு முன்சில்லுகளைச் சுழற்றும். சில்லு இடப்பக்கம் திரும்பும், வலப்பக்கம் திரும்பும், பள்ளத்தில் இறங்கும், மேட்டில் ஏறும். அத்தனைக்கும் வளைந்துகொடுத்துக்கொண்டே தண்டு சுழற்சியையும் இடைவிடாமற் கொடுத்துவரவேண்டும். நமது தோள்மூட்டைப் போன்றதொரு மூட்டு தண்டின் இருநுனியிலும் இருப்பதனால் அது இயலுகிறது. கராஜ்களில் அதனைச் 'சீ.வி. ஜொயின்ற்' என்பார்கள். எங்களிடம் முறையிட்டது இடப்பக்கத்துத் தண்டின் வெளிமூட்டு.

"உதை வித்துப்போட்டு வேறொன்றை வாங்குங்கோவன்" என்றார் அயல்வீட்டு நண்பர். சொல்வது எளிது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியிலேதான் கார்களுக்கு மீண்டும் திறந்துவிடப்பட்டது. இடைப்பட்ட அந்த ஆண்டுகளில் முதிய கார்களுக்கெல்லாம் இளமை விலை வந்துவிட்டது. ஓய்வூதியத்தில் வாழும் ஓர் ஆசிரியன் தன் காரை விற்றுவிட்டால் இன்னொரு கார் வாங்கும் கனவையும் அதனுடன் சேர்த்து விற்றுவிடவேண்டியதுதான்.

ஒலித்தால் ஒலித்துவிட்டுப் போகட்டும் என்று ஓட்டிக்கொண்டிருக்கலாம் என்றனர் வேறு சிலர். அதிலும் ஆபத்து உண்டு. இரு முன்சில்லுகளுக்கும் வலுவைப் பங்கிட்டுக் கொடுக்கும் பற்சக்கரத் தொகுதியானது, ஒரு பக்கம் தடையின்றிச் சுழலக் கண்டால் சுழற்சியையெல்லாம் அந்தப் பக்கத்துக்கே கொடுத்துவிடும். ஆகவே ஒரு தண்டின் மூட்டு உடைந்தால் மற்றச் சில்லும் வண்டியை இழுக்காது. இயந்திரம் இரைந்துகொண்டிருக்க வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். மூச்சு வாங்கும் தாயாரை வைத்துக்கொண்டு இரவு வேளையில் அப்படி நிற்பதை என்னால் எண்ணிப் பார்க்க முடியவில்லை.

எங்கள் ஊரில் முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். ஊரெல்லாம் அவரை 'அண்ணை' என்றே அழைக்கும். 1990 முதல் 1995 வரை குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், சில துளி பெற்றோலைக் காட்டி இயந்திரத்தை உசுப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓடவைத்த கைகளில் அவருடைய கைகளும் உண்டு. அந்தக் கார்களிலேதான் நோயாளர்கள் சென்றார்கள், மணமக்களும் சென்றார்கள். இப்போது அவருக்கு எழுபத்தைந்து வயதுக்கு மேலாகிறது. பிள்ளைகள் கனடாவில் இருக்கிறார்கள். விரல்கள் முடங்கத் தொடங்கியதும் கராஜை மூடிவிட்டார். நான் சென்று கேட்டபோது, "என்ரை கை இனி ஸ்பானர் பிடிக்காது மாஸ்ரர். ஆனால் கதிரையில இருந்து சொல்லித்தர வாய் இருக்குது. கைக்கு ஆள் தேடுங்கோ" என்றார்.

கைக்கு ஆள் என் மகளாக அமைந்தாள். அவள் அடுத்த தை மாதத்தில் கணிதப் பிரிவில் உயர்தரப் பரீட்சை எழுதவிருந்தாள். இதனைக் கேட்ட என் தாயாருக்குச் சம்மதமில்லை. "படிக்கிற பொம்பிளைப் பிள்ளை கிறீசைப் பூசிக்கொண்டு காருக்குக் கீழ கிடக்கிறதே? ஆரும் கண்டால் என்ன சொல்லுவினம்?" என்றார். "உங்களை ஏத்திக்கொண்டு போற கார்தானே, அப்பம்மா" என்று மகள் சொன்னாள். தாயார் அதற்கு மறுமொழி கூறவில்லை. மறுநாட் காலையில் அண்ணை வந்தபோது முன்விறாந்தையிலிருந்த சாய்மனைக் கதிரையை மாமரத்தடியிற் கொண்டுபோய்ப் போடும்படி சொன்னவர் அவரே.

வேண்டிய தண்டைக் கொழும்பிலே பஞ்சிகாவத்தையிலிருந்து தருவித்தோம். ஜப்பானிற் கழிக்கப்பட்ட கார்களிலிருந்து எடுத்த உறுப்புகள் அந்தத் தெருவிற் குவிந்து கிடக்கும் என்பது கார் வைத்திருப்போர் அறிந்ததே. பார்வைக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் தண்டுக்குத் தண்டு வேறுபாடு உண்டு. நீளத்தை அளந்து, இருநுனியிலுமுள்ள பள்ளமும் மேடுமான பற்களை எண்ணிப் பார்த்த பின்னரே பணம் கொடுக்கவேண்டும் என்று அண்ணை எச்சரித்திருந்தார். கொழும்பிலுள்ள உறவினர் ஒருவர் அவ்வாறே எண்ணிச் சரிபார்த்து, இரவு பஸ்ஸில் அதனை அனுப்பிவைத்தார். அதன் மூட்டுகளைக் கையால் அசைத்துப் பார்த்தோம், தளர்வு இல்லை. ஆயினும் அதன் இறப்பர் உறைகளைக் கழற்றி, கறுப்புக் கிறீஸ் புதிதாக அடைத்து, புது உறைகளைப் பூட்டினோம். "மூட்டு உருக்கு; நூறு வருசம் இருக்கும். உறை இறப்பர், அது கிழிஞ்சால் உருக்கும் போச்சு" என்றார் அண்ணை.

சில்லைக் கழற்றுமுன்பே நடு நட்டை இளக்கவேண்டும் என்பது முதற் பாடம். நட்டுக்குக் குறுக்கே செருகியிருந்த வளைந்த ஊசியை இழுத்தெடுத்து, சில்லு நிலத்தில் அழுந்தி நிற்கும்போதே, நீண்ட குழாய் கோத்த ஸ்பானரால் மகள் நட்டை அசைத்தாள். வண்டியைத் தூக்கிய பிறகு இளக்க முயன்றால் நட்டு அசையாது, சில்லே சுழலும். அதன்பின் பின்சில்லுகளுக்குக் கல் அணைகொடுத்து, முன்பக்கத்தை ஜக்கினால் உயர்த்தி, இரும்புத் தாங்கிகளின்மேல் இருத்தினோம். வெறும் ஜக்கை நம்பி எவரும் காருக்குக் கீழே தலை வைக்கலாகாது. "ஜக்கு தூக்கிறதுக்கு, தாங்கிறதுக்கில்லை" என்று அண்ணை இருமுறை சொன்னார். இந்த ஒரு வாக்கியத்தை மறந்து உயிரிழந்தவர்கள் பல நாடுகளிலும் உண்டு.

கியர் எண்ணெயை ஒரு தட்டில் வடித்தோம். பிறேக் பகுதியைக் கழற்றி, அதன் குழாயில் இழுவை விழாதபடி கயிற்றாற் கட்டித் தொங்கவிட்டோம். சில்லின் குடத்தைக் கீழ்க்கையோடு பிணைக்கும் மூட்டைப் பிரித்ததும் குடம் வெளிப்புறமாக அசைய இடம் கிடைத்தது. ஆனால் முப்பத்தைந்து ஆண்டுத் துரு தண்டின் நுனியைக் குடத்தோடு ஒட்டவைத்திருந்தது. மகள் சுத்தியலை ஓங்கினாள். "பொறு பிள்ளை. நட்டைத் திரும்ப நுனிமட்டத்துக்குப் பூட்டு. அப்பத்தான் புரி சாகாது. பிறகு மரக்கட்டையை வைச்சுத் தட்டு" என்றார். துருவிலே சிறிது மண்ணெண்ணெய் ஊற்றி அரைமணிநேரம் காத்திருக்கச் செய்து, "மண்ணெண்ணெய்க்கு என்னோட பழைய சிநேகிதம்" என்று சிரித்தார். நாலாவது தட்டில் தண்டு நெகிழ்ந்தது.

உள்நுனியைக் கியர்ப்பெட்டியிலிருந்து எடுப்பதற்கு வலுவைவிட நிதானமே வேண்டும். தண்டைப் பிடித்து இழுத்தால் உள்மூட்டு கழன்று சிதறும். மூட்டுக்கும் பெட்டிக்கும் இடையிலே நெம்புகோலை வைத்து, எண்ணெய்ச் சீலிற் படாமற் சடுதியாக ஓர் அழுத்து அழுத்தவேண்டும். உள்ளே பிடித்துக்கொண்டிருந்த சிறு கம்பி வளையம் பிடியை விட, தண்டு கையோடு வந்தது. தண்டு இல்லாதபோது காரை உருட்டக்கூடாது என்றும், சில்லின் பெயாரிங்கை இறுக்கிப் பிடித்திருப்பது அந்தத் தண்டே என்றும் அப்போது அறிந்துகொண்டோம்.

மத்தியான உணவுக்குப் பின்னர், கழற்றிய மூட்டைப் பழைய பத்திரிகையொன்றின்மேல் வைத்துத் திறந்தோம். அந்த நாளின் சிறந்த நேரம் அதுவே. இறப்பர் உறை, வெளியே தெரியாத உட்பக்க மடிப்பொன்றில் முதுமையால் வெடித்திருந்தது. ஒரு விரலும் நுழையாத அந்த வெடிப்பினூடே கிறீஸ் வெளியே சிதற, மணல் உள்ளே புகுந்திருந்தது. உள்ளே ஆறு உருக்குக் குண்டுகள். அவற்றை ஏந்தும் ஒரு கூடு. குண்டுகள் ஓடுவதற்கு வளைந்த ஆறு வாய்க்கால்கள். வாய்க்கால்களில் அம்மைத் தழும்புபோலக் குழிகள் விழுந்திருந்தன. சில்லு நேரே நிற்கும்போது குண்டுகள் அதிகம் அசைவதில்லை. திரும்பும்போது வாய்க்காலில் முன்னும் பின்னும் ஓடுகின்றன. ஓடும்போது குழியில் விழுந்து எழுகின்றன. நாங்கள் கேட்ட ஒலி அதுவே.

"இவ்வளவு சிக்கல் எதற்கு? இரண்டு கவர்களைச் சிலுவைபோல ஒரு துண்டாற் பூட்டினாற் போதாதா?" என்று மகள் கேட்டாள். அத்தகைய மூட்டுக்கு, 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அறிஞர் றொபேட் ஹூக் என்பவரின் பெயர் வழங்குகிறது. பழைய ஒஸ்ரினின் நீண்ட தண்டில் இருப்பதும் அதுவே. அதில் ஒரு குறை உண்டு. தண்டு ஒரே சீராகச் சுழன்றாலும், வளைந்த மறுபக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்து இருமுறை பின்தங்கும். மகள் கணக்கைத் தாளிற் போட்டாள். முப்பது பாகை வளைவில், உட்செல்லும் வேகம் நூறானால் வெளிவரும் வேகம் 87க்கும் 115க்கும் இடையே ஊசலாடும். ஸ்டியரிங்கைத் திருப்பியபோதெல்லாம் முன்சில்லு இப்படி இழுத்தும் விட்டும் ஓடினால் எவராற் பொறுக்க முடியும்? 1920களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலே அல்பிரட் ஷெப்பா என்ற பொறியியலாளர் அமைத்த குண்டு மூட்டு இக்குறையைத் தீர்த்தது. வளைவு எவ்வளவாயினும் அதன் நடுக்கோட்டிலேயே ஆறு குண்டுகளும் நிற்பதனால் உள்வேகமும் வெளிவேகமும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்.

அண்ணை அந்தத் தாளைக் கண்ணருகே பிடித்துப் பார்த்தார். "உந்தக் கணக்கு எனக்குத் தெரியாது பிள்ளை. ஆனால் ஒஸ்ரினின்ரை தண்டைக் கழட்டிப் பூட்டேக்கை இரண்டு பக்கத்துக் கவரும் ஒரே நேரில நிக்கவேணும். மாறிப் பூட்டினால் கார் முழுக்க அதிரும்" என்றார். மகள் சற்று நேரம் பேசாமலிருந்தாள். பின்பு தாளை மறுபக்கம் திருப்பி, இரண்டாவது மூட்டையும் சேர்த்துக் கணக்கிட்டாள். கவர்கள் ஒரே நேரில் நின்று இருபக்க வளைவுகளும் ஒத்திருந்தால், முதல் மூட்டின் ஏற்றத்தாழ்வை இரண்டாவது மூட்டு சரியாக அழித்துவிடுகிறது. மாறிப் பூட்டினால் அது இரட்டிக்கிறது. "ஐயா சொன்னது சரி" என்று அவள் எழுந்து நின்று சொன்னாள். நாற்பது ஆண்டுகளாக அவருடைய கைகள் அறிந்திருந்த உண்மைக்கு அன்றைக்குத்தான் ஒரு சமன்பாடு கிடைத்தது. அவர் அதனைப் பெரிதாகக் காட்டிக்கொள்ளவில்லை. அந்தத் தாளை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

பூட்டும் வேலை கழற்றும் வேலையின் மறுதலைதான். எனினும் கூடிய கவனம் கேட்கும். உள்நுனிக்குப் புதுக் கம்பி வளையம் இட்டு, சீலின் உதட்டில் எண்ணெய் தடவி, தண்டை நேராகச் செலுத்தினாள். 'களுக்' என்ற ஒலியோடு அது இருக்கையில் அமர்ந்தது. மூட்டின் கோப்பையைப் பிடித்து மெல்ல அசைத்தும் அது வெளியே வராததைக் கண்ட பின்னரே மற்றவற்றைப் பூட்டினோம். வடித்த எண்ணெய்க்குப் பதிலாகப் புது எண்ணெயும் ஊற்றினோம். கடைசியாக நடு நட்டு. எங்கள் காரின் கைநூல் அதற்கு 20 முதல் 28 கிலோகிராம்-மீற்றர் இறுக்கம் விதித்திருந்தது. பிற வண்டிகளுக்கு அளவு மாறும். அவரவர் கைநூலையே பார்க்கவேண்டும். இறுக்கத்தை அளக்கும் கருவி எங்களிடம் இல்லை. அண்ணையின் சொற்படி, "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், காணும்" என்னும் வரை மகள் இறுக்கினாள். பின்பு அவள், நட்டின் நடுவிலிருந்து ஒரு மீற்றர் தூரத்திற் குழாயை மட்டமாகப் பிடித்து, அதன் நுனியில் இருபது லீற்றர் தண்ணீர் நிறைந்த வாளியைத் தொங்கவிட்டாள். நான் உள்ளே பிறேக்கை மிதித்துக்கொண்டிருந்தேன். நட்டு அசையவில்லை. முதியவரின் 'காணும்' என்ற சொல் கைநூலுக்குக் குறையவில்லை என்பது உறுதியாயிற்று. ஊசி செல்லும் துளை நட்டின் வெட்டோடு நேர்படாததால் இன்னும் சிறிது இறுக்கினோம். அதற்காகப் பின்னோக்கி இளக்குவது தவறாம்.

அந்த ஊசியை எங்கள் வண்டில்காரர் கடையாணி என்பார்கள். பெருந்தேர் ஓடுவதற்கு அத்தகைய சிற்றாணி காரணமாவதை உவமையாக்கி, உருவத்தைக் கண்டு எவரையும் இகழலாகாது என்றார் வள்ளுவர். பள்ளியில் அந்தக் குறளைப் பல வகுப்புகளுக்கு நான் கற்பித்திருக்கிறேன். ஆணியைக் கையிலே பிடித்துக்கொண்டு அதன் பொருளை எண்ணியது அன்றுதான்.

மாலையில் அண்ணை தமக்குரிய கூலியைச் சொன்னார், எண்ணிக் கொடுத்தோம். "ஸ்பானரைத் தொடாத மனிசனுக்குக் கூலியே?" என்று அயல்வீட்டு நண்பர் கேட்டார். நான் முப்பத்துநான்கு ஆண்டுகள் கதிரையில் இருந்து சொல்லிக்கொடுத்தே சம்பளம் வாங்கியவன். அண்ணை அன்று செய்த தொழிலும் அதுவே.

நமது சமூகத்தில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. பிள்ளை பொறியியலாளனாக வரவேண்டும் என்று கோயிலில் நேர்த்தி வைப்போம். அதே பிள்ளை ஒரு நட்டைக் கழற்றக் குனிந்தால், "விடு, அதற்கு ஆள் இருக்கிறது" என்போம். அந்த 'ஆள்' இனி எவ்வளவு காலம் இருப்பார்? அவருடைய பிள்ளைகள் வேறு தேசங்களுக்குப் போய்விட்டார்கள். அவர் அறிந்தவை எந்த நூலிலும் எழுதப்படவில்லை. ஒரு கை இன்னொரு கைக்குக் கொடுத்தால் ஒழிய அவை அவரோடு போய்விடும். என் மகள் இப்போது கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியற் பீடத்தில் மாணவி. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் ஒரு கொப்பியோடு அண்ணையின் வீட்டுக்குப் போகிறாள். என் தாயார் அவள் கையில் வாழைப்பழச் சீப்பொன்றும் கொடுத்து அனுப்புகிறார்.

முன்சில்லு இழுக்கும் காரை வைத்திருக்கும் குடும்பத்தினர்க்கு ஒரு வேண்டுகோள். மாதத்தில் ஒருநாள் ஸ்டியரிங்கை ஒருபக்கம் முழுவதும் திருப்பி நிறுத்தி, சில்லுக்குப் பின்னேயுள்ள கறுப்பு இறப்பர் உறையை மடிப்பு மடிப்பாக விரித்துப் பாருங்கள். வெடிப்போ கிறீஸ் சிதறலோ தென்பட்டால் உடனே உறையை மாற்றுங்கள். உறையின் விலை சிறிது, மூட்டின் விலை பெரிது. பின்பு, ஆளில்லாத வெளியொன்றில், கண்ணாடிகளை இறக்கி, பாட்டை நிறுத்தி, மெல்ல ஒரு வட்டம் ஓட்டிக் கேளுங்கள். அப்போது வீட்டுப் பிள்ளைகளும் அருகிலிருந்து கேட்கட்டும்.